தோலாபம்பா ஓரத்துக் கோடு

லா பாஸ்,
மார்ச் 3, 2004

பொறியாளர் புருதென்சியா கொல்கே அவர்களுக்கு,

வணக்கம். அலுவல் விஷயமாகத்தான் எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்பினேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. கல்லூரிக்குத் தொலைபேசினேன். “அவங்க போனெல்லாம் எடுக்க மாட்டாங்க. பசங்களக் கூட்டிட்டுப் பாறை உடைக்கப் போயிருக்காங்க” என்று ஒரு பெண் சொன்னாள். அதனால் வரைபடக் குழாய்க்குள் இந்தக் கடிதத்தையும் சுருட்டி வைத்து ஓருரோ பேருந்தில் ஏற்றுகிறேன்.

மேட்டுச் சமவெளி முழுவதற்கும் ஒரே நிலவியல் வரைபடம் செய்கிறோம். ஐம்பது வருடங்களாக ஆளுக்கொரு தாளாக நடந்து வரைந்த நாற்பத்திரண்டு தாள்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓரத்தோடு ஓரம் ஒட்ட வேண்டும். ஒட்டும் பொறுப்பு என்னுடையது. ஒட்டினால்தானே! இந்தத் தாளில் சிவப்பாக வரும் பாறை அடுத்த தாளின் விளிம்பைத் தொட்டதும் பச்சையாகிவிடுகிறது. ஒருவர் வரைந்த மலைத்தொடர் பக்கத்துத் தாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. இரண்டு வருடமாக இந்தச் சண்டைகளுக்குப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சண்டையே இல்லாத ஓரம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் தோலாபம்பா தாளும், எலியோவும் நானும் வரைந்த கரிகிமா தாளும் சேரும் இடம். அங்கே வறண்ட ஆற்றை ஒட்டி ஒரு நிலப்பிளவு போட்டிருக்கிறீர்கள். ஆறு மூன்று இடங்களில் ஓரத்தைத் தாண்டி எங்கள் தாளுக்குள் வந்துபோகிறது. மூன்று இடங்களிலும் உங்கள் கோடும் எங்கள் கோடும் முனையோடு முனை பொருந்துகின்றன. என் மேலதிகாரி அதைச் சுவரில் பெரிதாகக் காட்டி, “அந்தக் காலத்து ஆளுங்க வேலைன்னா வேலைதான்” என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆற்றங்கரையில் உள்ள சாயரி கிராமத்துக்குக் கிணறு போடப் போகிறார்கள். பிளவு இருந்தால் பாறை நொறுங்கியிருக்கும், நொறுங்கிய பாறையில் தண்ணீர் இருக்கும் என்று நம் கோட்டின் மேலேயே துளை போட முடிவு செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது: நேரில் கண்டதா, ஊகமா? அச்சடித்த தாளில் நீங்கள் அழுத்தமான முழுக்கோடு போட்டிருப்பதால் ‘நேரில் கண்டது’ என்று நிரப்பலாம்தான். இருந்தாலும் உங்கள் களக்குறிப்பேட்டின் எண்ணையும் பக்கத்தையும் எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது.

எலியோ நலம்.

வில்மா அரமாயோ

---

ஓருரோ,
மார்ச் 11

வில்மா,

பொறியாளர் கொல்கே அவர்களாம்! ஒரே கூடாரத்தில் என் போர்வைக்குள் காலை நீட்டி என்னை உதைத்துக்கொண்டு தூங்கியவள் நீ. அப்போது ‘அக்கா, குளுருதுக்கா’ என்றுதான் கூப்பிட்டாய். இருபது வருடத்தில் மரியாதை கற்றுக்கொண்டாய், சந்தோஷம்.

நீ அனுப்பிய படத்தை வகுப்பறை மேசையில் விரித்தேன். அழகாக இருக்கிறது. நான் என் ஆயுளில் பார்க்காத நிறங்களெல்லாம் இருக்கின்றன. கீழே கொட்டை எழுத்தில் ‘தொகுத்தவர்: வில்மா அரமாயோ’ என்று இருக்கிறது. என் பெயர் எங்கே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். மூலங்கள் என்ற தலைப்பின் கீழே, எறும்பு எழுத்தில், முப்பத்தொன்றாவது வரி. நான்கு வருடம் தோலாபம்பாவில் நடந்தேன். கால் விரல் நகம் இரண்டு அங்கேதான் கிடக்கின்றன. நீ நாற்காலியில் உட்கார்ந்து ஒட்டினாய், வரைபடம் உன்னுடையதாகிவிட்டது. நல்ல வேலைதான், எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்தவர் செய்து வைத்ததை எடுத்துக்கொள்வது உனக்குப் புதிதா என்ன.

கோட்டைப் பற்றிக் கேட்டாய். அச்சடித்தது அச்சடித்ததுதான். குறிப்பேடுகளை எலி தின்றுவிட்டது.

‘எலியோ நலம்’ என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டேனா?

புருதென்சியா

---

லா பாஸ்,
மார்ச் 22

அக்கா,

சரி, அக்கா என்றே எழுதுகிறேன். நீங்கள் அப்படி எழுதிய பிறகு எனக்கும் மரியாதை வரவில்லை.

எலி தின்றதாம்! குறிப்பேடுகளை பிளாஸ்டிக்கில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியவர் நீங்கள். உங்கள் டப்பாவை எலி தின்றால் அந்த எலிக்குப் பல் டாக்டர் வேண்டும்.

முப்பத்தொன்றாவது வரிக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, நான் எந்த வரியில் வாழ்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் சுத்தியல் எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. கைப்பிடியில் பு.கொ. என்று நீங்கள் சூடு போட்ட சுத்தியல், உங்கள் தாளை விட்டு வந்தபோது எலியோ கையோடு கொண்டுவந்தது. கல்யாணம் ஆன வாரமே அதை ஆணியில் மாட்டினார். “எதுக்கு இது இங்க?” என்று கேட்டேன். “நல்ல இரும்பு” என்றார். பத்தொன்பது வருடமாக அந்த நல்ல இரும்பைத் தூசி தட்டுகிறேன். நான் ஒரு பாறைக்குப் பெயர் வைத்தால், “புருதென்சியா என்ன சொல்லுவா?” நான் ஒரு கோடு போட்டால், “புருதென்சியா போட்டா அது மண்ணுல இருக்கும்.” அப்போ நான் போட்டா? அதைக் கேட்டால் சூப்பை உறிஞ்சுகிறார். நான் உங்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டேன் என்று எழுதுகிறீர்கள். முழுதாக எடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை சாயரியின் ஊர்த்தலைவர் தோன் செவேரோ அலுவலகத்துக்கு வந்தார். தலைமைக் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எனக்கு ஒரு மூட்டை சுன்யோ கொண்டுவந்து கொடுத்தார். பனியில் காயவைத்த உருளைக்கிழங்கு, கறுப்பு முத்து மாதிரி. “இன்ஹெனியெரா, இஞ்சினியரம்மா, எங்க கெணத்துத் தண்ணி உப்பு. லாமா குட்டிங்க குடிச்சுட்டுச் சாவுது. பொம்பளைங்க ரெண்டு மணி நேரம் நடந்து எடுத்துட்டு வராங்க. துளை போடுற வண்டி ஒரே ஒரு தடவதான் வருமாம். உங்க கோடு நிசமா?” என்றார். வண்டி மே பதினேழாம் தேதி வருகிறது. ஒரு துளை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

“நிசம்தான் தாத்தா” என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அதனால் மறுபடியும் கேட்கிறேன். அந்தப் பிளவை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? ஆம், இல்லை, ஒரே சொல் போதும்.

வில்மா

---

ஓருரோ,
ஏப்ரல் 5

வில்மா,

ஒரு சொல்லில் முடியாது. பதினான்கு நாளாக முயன்று பார்த்துவிட்டேன்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். இரண்டு தாள் சேருமிடத்தில், இரண்டு பக்கத்து ஆட்களும் சந்தித்து, ஓரம் முழுக்கச் சேர்ந்து நடக்க வேண்டும். நீ எதைச் சிவப்பு என்கிறாய், நான் எதைப் பச்சை என்கிறேன் என்று பாறையை உடைத்துப் பார்த்துப் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் மண்கட்டி அடுக்கி அடுப்பு மூட்டி, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சுட்டுத் தின்ன வேண்டும். ஓரம் நடப்பது என்போம். அது நடக்காமல் எந்தத் தாளும் அச்சுக்குப் போகாது.

1983 அக்டோபர். எலியோ என் தாளில் வேலை செய்தவன். ஏப்ரலில் உன் தாளுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வேலைக்காக என்று சொன்னான். நானும் நம்பினேன். ஓரம் நடக்கக் குறித்த நாளுக்கு முந்தைய மாலையே நான் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டேன். எதிர்க்கரையில் உங்கள் நீலக் கூடாரம். நீ ஒரு கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாய். அவன் பின்னால் நின்று உன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சொம்பு சொம்பாக ஊற்றினான். நீ சிரித்தாய்.

நாம் குடிக்கவே தண்ணீரை அளந்து குடித்த ஊர் அது. மூன்று வருடம் நான் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டுதான் அவனோடு நடந்தேன். எனக்கு அவன் ஒரு சொம்பு ஊற்றியதில்லை. வயிறு எரிந்தது வில்மா. அப்படியே திரும்பி நடந்தேன். ஆற்றைத் தாண்டவில்லை, அந்தக் கரையில் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை.

ஓருரோவில் மேசை முன் உட்கார்ந்தபோது என் சாம்பல் நிறப் பாறை ஆறு வரை வந்து நின்றது. உங்கள் பக்கம் இளஞ்சிவப்புப் பாறை என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன? ஓரம் நடந்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நடக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஆற்றை ஒட்டி ஒரு பிளவை இழுத்தேன். நிலம் அங்கே உடைந்து நகர்ந்துவிட்டது, அதனால் இந்தப் பக்கப் பாறை வேறு, அந்தப் பக்கப் பாறை வேறு. யார் கேட்கப் போகிறார்கள்? முழுக்கோடு, கறுப்பு மை. நான் நேரில் கண்டது உன் தலைமுடியை மட்டும்தான்.

இப்போது நீ ஒன்று சொல். உங்கள் தாள் எனக்கு அடுத்த வருடம் வந்தது. அதில் என் கோடு இருந்தது! மூன்று இடத்திலும் முனையோடு முனை. பூதக்கண்ணாடி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொய்யாகப் போட்டது உண்மையாகவே அங்கே இருந்ததா? பிறகு மனது தேறிவிட்டது. எலியோ பார்த்திருப்பான், அவன் கண் தப்பாது, என் கை தானாகவே சரியாகப் போட்டிருக்கிறது என்று இருபது வருடம் தலை நிமிர்ந்து திரிந்தேன். மாணவர்களுக்குப் பாடம்கூட நடத்தினேன், வெட்கக்கேடு.

நீங்கள் பார்த்தீர்களா?

புருதென்சியா

---

லா பாஸ்,
ஏப்ரல் 14

பார்க்கவில்லை.

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். இனிமேல் நீங்கள் வாங்கள் எல்லாம் கிடையாது, நீதான்.

எங்கள் தாள் மேசையில் இருந்தபோது உன் தாள் அச்சாகி வந்தது. எலியோ வெகுநேரம் பார்த்தார். “அவ போட்டிருக்கா. நம்மதுலயும் சேத்துடு” என்றார். “நாம அங்க நடக்கலயே?” என்றேன். “அவ நடந்திருப்பா” என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு! நான் பார்க்காததை நீ பார்த்துவிட்டாய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பேனாவை எடுத்து, உன் கோட்டைவிட ஒரு சுற்று தடிமனாக இழுத்தேன். உன் பொய்க்கு நான் சாட்சி. நாற்பத்திரண்டு தாள்களில் பொருந்தும் ஒரே ஓரம் நம் இரண்டு பேரின் பொறாமையும் சேர்ந்த ஓரம் அக்கா. என் மேலதிகாரி அதைத்தான் சுவரில் காட்டுகிறார்.

இது பாதிதான். மீதியைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேர்க்கடலை சூப் வைத்தேன். எதிரில் உட்கார்ந்து உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அங்க பிளவு இல்ல.”

நீ வராத மறுநாள் காலையில் அடுப்புக்கு மண்கட்டி பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆற்றைத் தாண்டி உன்னைத் தேடிப் போயிருக்கிறார். கரையில் உன் பூட்ஸ் தடம் இருந்ததாம், வந்த தடமும் திரும்பிய தடமும். பிறகு ஆற்றோரமே நான்கு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். இரண்டு கரையிலும் ஒரே பாறை. உடைத்தால் உள்ளே ஒரே நிறம். நீ சாம்பல் என்றதும் நாங்கள் இளஞ்சிவப்பு என்றதும் வெயில் பட்ட மேல்தோலைப் பார்த்துத்தான்.

“அப்ப ஏன்யா என்னைப் போடச் சொன்னே?” என்று கேட்டேன்.

“நம்ம தாள்ல இல்லன்னா அவளக் கூப்பிட்டுக் கேப்பாங்க. வேலை போயிருக்கும்.”

ஆக, உன் பொய்யை என் கையாலேயே இருபது வருடம் காவல் காக்க வைத்திருக்கிறார். சூப்புக் கிண்ணத்தை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். நாய்க்குக் கூட ஊற்றவில்லை, தொட்டியில் கொட்டினேன்.

இதைப் படித்ததும் உனக்குக் குளுகுளுவென்று இருக்கும். இருக்கட்டும். எனக்கு அடிவயிறு பற்றி எரிகிறது. கட்டத்தில் ‘பிளவு இல்லை, புருதென்சியா கொல்கே பொய்யாக வரைந்தது’ என்று நிரப்பப் போகிறேன். இந்த நாடு இருக்கும்வரை கம்ப்யூட்டரில் அது இருக்கும்.

வில்மா

---

ஓருரோ,
ஏப்ரல் 23

அடியே வில்மா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தேடி வந்திருக்கிறான்! தடத்தைப் பார்த்திருக்கிறான்! வியாழக்கிழமை ஆசிரியர் அறை முழுவதற்கும் கறி வைத்த சால்தேனியா அப்பம் வாங்கிக் கொடுத்தேன். “என்ன விசேஷம் இன்ஹெனியெரா, பிறந்தநாளா?” என்றார்கள். “ஆமா” என்று சொல்லிவிட்டேன். பிறந்தநாள் நவம்பரில்.

மூன்றாம் நாள் பாறை உடைக்கப் போனேன். சுத்தியலை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். அவன் என்னைக் காப்பாற்றவில்லையடி. என்னைக் காப்பாற்ற நினைத்திருந்தால் ஓருரோவுக்கு ஒரு பேருந்து ஏறி வந்து, “அங்க ஒண்ணுமில்ல புருதென்சியா, திருத்திடு” என்று சொல்லியிருப்பான். உங்கள் தாள் அச்சுக்குப் போக இன்னும் எட்டு மாதம் இருந்தது, அதற்குள் என் தாளுக்குத் திருத்தம் போட்டிருப்பேன். அவன் எதைக் காப்பாற்றினான் தெரியுமா? பிளவு இல்லை என்று உன்னிடம் சொன்னால், ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்று நீ கேட்பாய். ‘அவளைத் தேடிப் போனேன்’ என்று சொல்ல வேண்டிவரும். மண்கட்டி பொறுக்கப் போன பொய் உடைந்துவிடும். இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்து சூப் குடிப்பதற்காகத்தான் அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சூப்புக்குச் சாயரிக்காரர்கள் உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டுமா?

கட்டத்தை நிரப்பு. என் பெயரைப் போடு, நான் ஓடி ஒளிய மாட்டேன். அடுத்த வருடம் நான் ஓய்வு பெறும்போது இங்கே ஒரு வகுப்பறைக்கு என் பெயர் வைப்பதாகப் பேச்சு இருக்கிறது. வேண்டாமென்று நேற்றே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். ஜூனில் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் உன் பெயரும் வர வேண்டும். என்னுடையதைவிடத் தடிமனான கோடு உன்னுடையது, அதை மறந்துவிடாதே.

அது முடிந்த கதை. ‘பிளவு இல்லை’ என்று எழுதிவிட்டால் போதுமா? துளையை எங்கே போடுவது? ஓரம் நடக்க நமக்கு இருபது வருடக் கடன் இருக்கிறது. மே எட்டாம் தேதி சாயரி விலக்கில் இறங்குகிறேன். கிழக்குக் கரையில் பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். நீ அந்தப் பெரிய படத்தைக் கொண்டு வா. நான் பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வருகிறேன். எலி தின்னவில்லை.

எலியோவைக் கூட்டி வராதே. அவன் தலைமுடி நரைத்துவிட்டதா என்று கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே.

பு.

---

லா பாஸ்,
ஏப்ரல் 29

வருகிறேன். ஆட்டுக்கறி என் பொறுப்பு, உருளைக்கிழங்கு உன் பொறுப்பு.

முடி நரைக்கவில்லை, கொட்டிவிட்டது. சந்தோஷமா?

வில்மா

---

லா பாஸ்,
ஜூன் 2

அக்கா,

முதலில் தண்ணீர். நேற்று தோன் செவேரோ தொலைபேசியில் கூப்பிட்டார். நாற்பத்தாறு மீட்டரில் கிடைத்ததே, அது இன்னும் குறையவில்லையாம். நல்ல தண்ணீராம். “குட்டிங்க குடிக்குது, சாகல” என்று மூன்று தடவை சொன்னார். கோட்டின் மேல் போட்டிருந்தால் அறுபது மீட்டருக்கு வெறும் காய்ந்த பாறைதான், தெரியுமல்லவா? நீ கிழக்குக் கரைச் சரிவில் மண்டியிட்டு, பாறைக்கு அடியில் எட்டிப்பார்த்த அந்த விரற்கடைக் களிமண்ணைக் காட்டி, “இது கிழக்கால சாயுது. தண்ணி இது மேல உக்காந்து அந்தப் பக்கம்தான் போயிருக்கும்” என்று சொன்னபோது, எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது. நான் அந்த இடத்தை இரண்டு தடவை மிதித்துக்கொண்டு போனேன். எலியோ சொல்வதில் பொய்யில்லை. இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

சுத்தியலை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தேனல்லவா. சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. எலியோ பார்த்தார். இரண்டு நாள் கழித்து அங்கே ஒரு காலண்டரை மாட்டினார். இப்போது அவரே சூப் வைத்துக்கொள்கிறார். உப்பு போடத் தெரியவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறி தின்றபோது உன்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தச் சொம்புத் தண்ணீர். ஊற்றச் சொன்னது நான்தான். மறுநாள் நீ வருகிறாய் என்று சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது. உன் பக்கத்தில் நின்றால் நான் எப்போதும் அழுக்காகவே தெரிவேன். நான்கு நாள் குடிதண்ணீரை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன், உன் முன்னால் தலை நன்றாக இருக்க வேண்டும் என்று. உன்னை மிரட்டத்தான் தலை குளித்தேன் அக்கா. நீ நன்றாகவே மிரண்டிருக்கிறாய். அதனால்தான் துளை போட்ட அன்று புதுக் கிணற்றில் முதல் வாளியை மண்தாய் பாச்சமாமாவுக்கு ஊற்றிய பிறகு, இரண்டாவதை உன் தலையில் கவிழ்த்தேன். ஊர் முழுக்கச் சிரித்தது. நீ என்னைத் திட்டிய திட்டை தோன் செவேரோவின் மனைவி அவர்களுடைய அய்மாரா மொழியில் எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி.

இப்போது வேலை. இரண்டு பாறைக்கும் இனி ஒரே பெயர். உன் தாள் ஒரு வருடம் முந்தியது என்பதால் ‘தோலாபம்பா’தான் நிற்கும், நான் வைத்த ‘கரிகிமா’ போகும். விதி அப்படி. இதை நிரப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஓரத்தில் இப்போது ஒரே நிறம், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை. சாம்பலும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை, நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். என் மேலதிகாரி வந்து பார்த்து, “எங்கம்மா என் பிளவு?” என்று கேட்டார். சுவரில் காட்ட அவருக்கு இனி ஒன்றுமில்லை. இரண்டு பேரும் செய்ததைச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, “மத்த நாப்பது தாள்லயும் யார் யாரோட பேசலன்னு ஒரு பட்டியல் எடுங்க” என்றார்.

கோட்டை அழிக்கப் போனேன். கம்ப்யூட்டர் விடவில்லை. அழித்ததற்குக் காரணமும், அழிக்கச் சொன்னவர்கள் பெயரும் கேட்கிறது. காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம். நமக்கு இரண்டு வரி போதுமா? நீயே எழுதி அனுப்பு. பெயர்களை அகர வரிசையில் போடுவதுதான் வழக்கம். அரமாயோ முதலில், கொல்கே பிறகு. அப்படியே போட்டுவிடட்டுமா?

வில்மா

---

ஓருரோ,
ஜூன் 9

வில்மா,

கேடுகெட்டவளே, சளி பிடித்து ஒரு வாரம் படுத்திருந்தேன். வகுப்பில் தும்மினால் பசங்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் சுத்தியல் கைக்கு வந்துவிட்டதால் மன்னித்துவிட்டேன். கைப்பிடி தேய்ந்துபோயிருக்கிறது. தூசி தட்டினேன் என்றாய், தேயும் அளவுக்கா தட்டினாய்? சாயரியிலேயே கேட்டிருப்பேன், கறி வாயில் இருந்தது. நீயும் அதை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறாய். தெரிகிறது. நல்ல இரும்புதான்.

தலை குளித்த கதையைப் படித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கோபப்படலாமென்று பார்த்தேன், வரவில்லை. என்னை மிரட்ட நான்கு நாள் தாகத்தோடு இருந்தாயா? எனக்காக அப்படி யாரும் செய்ததில்லை.

கட்டத்துக்கு இதை எழுது:

‘கோடு போட்ட இருவரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.
போய்ப் பார்த்தபோது அங்கே கோடு இல்லை.’

பெயர் விஷயத்தில் உன் அகர வரிசையை என்னிடம் காட்டாதே. பாறைக்கு மட்டும் முந்தியவள் நான், இதற்கு நீயா? கொல்கே முதலில், அரமாயோ பிறகு. பொய்யை முதலில் வரைந்தவள் நான்தான். நீ என்னுடையதைப் பார்த்து எழுதினாய்.

புருதென்சியா